ஓடுகிற காரைப் படம் எடுத்தல்: பண்ணைப் பாலத்தில் எடுத்தால் ஏன் நிற்கிற மாதிரி வருகிறது?

தீவுப்பக்கம்:
எல்லோருக்கும் வணக்கம். என் சித்தப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ60 கேம்பிரிட்ஜ் இருக்கிறது. 60களில் வந்த வண்டி, இன்றைக்கும் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். அது ஓடுகிற மாதிரி ஒரு படத்தைப் பெரிதாக்கி ஹோலில் மாட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை. பின்னேரம் யாழ்ப்பாணத்தில் கடலுக்குக் குறுக்கே போகிற பண்ணைப் பாலத்துப் பக்கம் போய் எடுத்தோம். பின்னால் கடல், வானம், நல்ல வெளிச்சம். முதலில் ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் (1/1000) திறந்து எடுத்தேன். பிறகு 1/60இல், காரோடு சேர்த்துக் கமராவைத் திருப்பி எடுத்தேன். இரண்டாவது வகையிலும் சில படங்கள் நல்ல கூர்மையாக வந்திருக்கின்றன, இலக்கத் தகட்டைக்கூட வாசிக்கலாம். ஆனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் கடற்கரையோரம் நிறுத்திவிட்டு எடுத்தது போல்தான் இருக்கிறது. இரண்டு வகையிலும் ஒவ்வொரு படம் கீழே போட்டிருக்கிறேன். என்ன குறைகிறது? கமரா கனன், லென்ஸ் 55-250 மி.மீ. ஸூம்.

வல்லைவெளி:
1/60 போதாது. 1/30க்கு இறங்கிப் பாருங்கள். ஷட்டர் மெதுவாக மெதுவாகத்தான் பின்னணி இழுபடும்.

பின்னேர வெயில்:
தம்பி, ஷட்டரைப் பிறகு பார்ப்போம். நீர் போட்ட இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் பின்னணி நன்றாகத்தான் இழுபட்டிருக்கிறது. இழுபட்டது கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கமராவை இடமிருந்து வலமாகத் திருப்பினால், படத்தில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் கிடையாக ஒரு கோடாகிறது. பின்னால் இருப்பதே கிடைக்கோடு என்றால்? கடல் முடிந்து வானம் தொடங்குகிற கோட்டைக் கிடையாக எவ்வளவு இழுத்தாலும் அது அதே கோடுதான். பாலத்தின் கல்லணை விளிம்பும் அப்படியே. வானத்தில் இழுபட எதுவுமே இல்லை. கடலுக்குள் மீனுக்கு நட்ட தடிகள் இருந்திருக்குமே, அவை எங்கே? 1/1000இல் எடுத்த படத்தில் வரிசையாக நிற்கின்றன. 1/60இல் காணவில்லை. மெல்லிய தடி பளிச்சென்ற தண்ணீரில் பரவி மறைந்துவிட்டது. ஆகவே வேகத்தைக் காட்டக்கூடியதாக அங்கே இருந்த ஒரே பொருளும் போய்விட்டது.

நிலைக்குத்தாக நிற்கிற, கறுப்பும் வெளிச்சமும் மாறி மாறி வருகிற பின்னணி வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பஞ்சமே இல்லை. பனை! பனங்கூடல் ஒன்றைப் பின்னால் வைத்து எடுத்துப் பாரும். ஒவ்வொரு மரமும் ஒரு கரும்பட்டையாக இழுபடும், இடையில் தெரிகிற வெளிச்சம் அதை வெட்டி வெட்டிக் காட்டும். அதே 1/60, அதே வேகம், வண்டி பறக்கும். மரங்கள் மிக நெருக்கமாக இருந்தால் எல்லாம் ஒரே பச்சைக் குழம்பாகிவிடும், இடைவெளி உள்ள கூடலாகப் பாரும். வேலணைப் பக்கம் அப்படி இடங்கள் உண்டு. கிடுகு வேலி அவ்வளவு சரிவராது. தடித்த கதியால்களை (வேலிக்கு நடுகிற உயிர்த்தடி) இடைவெளி விட்டு நட்ட வேலி என்றால் வரும்.

கராஜ்காரன்:
ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இது சில்லைப் பற்றியது. இப்போதைய கார்களில் அலோய் சில்லு, ஐந்தோ பத்தோ ஆரங்கள். அது சுற்றினால் ஆரங்கள் கலங்கும், பார்த்த உடனே ஓடுகிறது என்று தெரியும். இந்தப் பழைய ஒஸ்ரின், மொரிஸ் வண்டிகளில் சில்லின் நடுவில் மினுக்கிய வட்ட மூடி. சுத்தமான வட்டம் சுற்றினாலும் ஒன்றுதான், நின்றாலும் ஒன்றுதான். படத்தில் வித்தியாசமே இராது. மூடியின் நடுவில் உள்ள சின்னமும் ரயரின் பக்கவாட்டு எழுத்தும்தான் கொஞ்சம் கலங்கும். அதனால் பழைய வண்டிக்குப் பின்னணி இரட்டிப்பு முக்கியம். சில்லு கைகொடுக்காது.

இன்னொன்று. படம் எடுக்க முன் ரயரைக் கழுவி, கறுப்பு மினுக்கு எதுவும் பூசாமல் விடுங்கள். ஒரே கறுப்பாக மினுங்கினால் ரயர் எழுத்தும் போய்விடும்.

தீவுப்பக்கம்:
நன்றி ஐயா, நன்றி அண்ணா. கடலை நான் அழகுக்காகவே பின்னால் வைத்தேன், அதுவே காரணம் என்று நினைத்தே பார்க்கவில்லை. ஷட்டர் எவ்வளவு வைப்பது என்று ஒரு கணக்கு உண்டா? சித்தப்பா 40க்கு மேல் ஓட்டமாட்டார்.

கணக்குப்பலகை:
உண்டு, மிக எளிது. மணிக்கு எத்தனை கிலோமீற்றரோ அதே எண்ணை ஷட்டரின் கீழே போடுங்கள். 60இல் போகிற காருக்கு 1/60. 40இல் போனால் 1/40. சயிக்கிள் 15இல் போனால் 1/15. மூன்றிலும் வண்டி ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் ஒரே தூரம்தான் போகும்: ஏறத்தாழ 28 செ.மீ. (60 கி.மீ. என்பது நொடிக்கு 16.7 மீற்றர், அதை 60ஆல் வகுத்துப் பாருங்கள்.)

நீங்கள் காரைச் சரியாகப் பின்தொடர்ந்தால், அந்த 28 செ.மீ.தான் பின்னணி இழுபடும் நீளம், காரின் அளவோடு ஒப்பிடும்போது. கேம்பிரிட்ஜ் சுமார் நாலரை மீற்றர் நீளம். ஆக ஒவ்வொரு பனையும் காரின் நீளத்தில் பதினாறில் ஒரு பங்கு இழுபடும். இது மிதமான அளவு. இன்னும் வேண்டும் என்றால் ஷட்டர் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். 40 கி.மீ.க்கு 1/20 என்றால் 56 செ.மீ., எட்டில் ஒரு பங்கு. நன்றாக அள்ளிக்கொண்டு போகும், ஆனால் கூர்மையாக வருவது குறையும்.

சில்லுக்கும் இதே கணக்கு. ரயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீற்றர் என்று வைத்தால், 28 செ.மீ. ஓடும்போது சில்லு சுமார் 53 பாகை திரும்பும். 60இல் போகிற காரை 1/1000இல் எடுத்தால் வெறும் 3 பாகைதான். அதனால்தான் 1/1000இல் எந்தக் காரும் நிற்கிற மாதிரி இருக்கும், அலோய் சில்லு போட்டிருந்தாலும்.

வல்லைவெளி:
கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லென்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. 250 மி.மீ. போட்டால் 55ஐ விட அதிகமாக இழுபடும் அல்லவா? என் கண்ணால் பார்த்தது அது.

கணக்குப்பலகை:
ஒரே இடத்தில் நின்று ஸூம் செய்தால் எல்லாமே பெரிதாகும், இழுபடுவதும் பெரிதாகும். நீங்கள் பார்த்தது அதுதான். ஆனால் படத்தில் காரின் அளவை ஒன்றாகவே வைத்துக்கொண்டு, 55இல் கிட்ட நின்றும் 250இல் தூர நின்றும் எடுத்தால் இழுபடுவது மாறாது. கிட்ட நிற்கும்போது காரைப் பின்தொடரக் கமராவை வேகமாகத் திருப்புகிறீர்கள், தூர நிற்கும்போது மெதுவாக. இரண்டும் ஈடாகிவிடும்.

அப்படியென்றால் நீள லென்ஸ் எதற்கு? அதற்கு வேறு காரணம் இருக்கிறது. கிட்ட நின்றால் காரின் முன்பக்கம், நடு, பின்பக்கம் மூன்றும் உங்கள் கண்ணுக்கு வெவ்வேறு வேகத்தில் திரும்புகின்றன. ஏதாவது ஒன்றைத்தான் கமரா பின்தொடர முடியும், மற்றவை கலங்கும். தூரப் போகப் போக இந்த வித்தியாசம் குறைந்து, கார் முழுவதும் ஒன்றாகக் கூர்மைப்படும். முழு ஃபிரேம் கமராவில் 135 மி.மீ. என்றால் 25 மீற்றர் அளவில் நிற்கலாம், கார் படத்தின் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரும். உங்கள் கனனின் சென்சார் சிறியது என்றால் 85-90 மி.மீ. போதும்.

பின்னேர வெயில்:
பார்த்தீரா தம்பி, பண்ணை சரிவராததற்கு இரண்டாவது காரணமும் வந்துவிட்டது. பாலத்தில் 25 மீற்றர் பின்னால் போனால் தண்ணீருக்குள்தான் நிற்க வேண்டும். றோட்டோரத்தில் ஒட்டி நின்று எடுக்கிறீர், அதனால்தான் நல்ல படம் என்று நீர் சொன்ன ஒன்றிலும் பின் விளக்குக் கலங்கியிருக்கிறது.

இடம் தேடும்போது இப்படிப் பாரும்: வீதியின் ஒரு பக்கம் பனங்கூடல், மறுபக்கம் வயலோ வெறுங்காணியோ. நீர் வயலுக்குள் இறங்கி நிற்க வேண்டும். உமக்கும் வீதிக்கும் இடையில் மின்கம்பமோ மதகுக்கட்டோ இருக்கக் கூடாது. இருந்தால் கார் சரியாக நேரே வருகிற கணத்தில் அதுதான் குறுக்கே வரும், ஓட்டோ ஃபோக்கஸ் அதைப் பிடித்துக்கொள்ளும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு சூரியன் உமக்குப் பின்னால் இருக்க வேண்டும். அதாவது வயல் மேற்கிலும் பனை கிழக்கிலும். காணிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கும்.

கைபேசிப்படம்:
நான் போனில் மட்டும்தான் எடுக்கிறேன். இதெல்லாம் போனில் சரிவருமா அக்கா அண்ணாமாரே?

வடலி:
வரும் தம்பி. நானும் போனில்தான் தொடங்கினேன். புரோ மோடுக்குப் போய் ஐ.எஸ்.ஓ.வை (வெளிச்சத்தை உணர்கிற அளவை) ஆகக் குறைத்து, ஷட்டரை 1/30 வையுங்கள். பெரும்பாலான போன்களில் லென்ஸின் துவாரத்தை மாற்ற முடியாது, அதனால் வெயிலில் படம் வெளுத்துப் போகும். சூரியன் இறங்கிய பிறகு எடுங்கள், அல்லது போனுக்குக் கொளுவுகிற கறுப்பு ஃபில்டர் வாங்குங்கள். அகல லென்ஸில் எடுக்காமல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஸூம் உள்ள லென்ஸுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். போனை ஒரு கையால் நீட்டிப் பிடிக்க வேண்டாம். இரண்டு கையாலும் பிடித்து முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

பழகுவதற்குக் கார் தேடி அலைய வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டு வருகிற உங்கள் தம்பி தங்கையைச் சயிக்கிளில் ஓடச் சொல்லி 1/15இல் எடுங்கள். கணக்குப்பலகை அண்ணா சொன்னபடி அதுவும் 60இல் போகிற காரும் ஒன்றுதான்.

பிக்சல்வீடு:
இவ்வளவு பாடு எதற்கு? நிறுத்தி வைத்துக் கூர்மையாக எடுத்துவிட்டு, கணினியில் காரைத் தனியாக வெட்டிப் பின்னணியை இழுத்துவிட்டால் பத்து நிமிட வேலை. கல்யாண அல்பங்களில் நாங்கள் அப்படித்தான் செய்கிறோம்.

வடலி:
செய்யலாம், ஆனால் தெரிந்துவிடும். பொனற்றையும் கதவையும் பாருங்கள். கறுப்புக் காரின் பக்கம் ஒரு கண்ணாடி. நிற்கிற காரில் எதிரே உள்ள வேலி, மரம், படம் எடுக்கிற நீங்கள் எல்லாம் கதவில் அசையாமல் தெளிவாக விழுந்திருக்கும். ஓடுகிற காரில் அந்த நிழலுருவெல்லாம் இழுபட்டுப் பட்டுப்போல் வழுவழுப்பாகும். பின்னணியை இழுத்தவர்கள் கதவை விட்டுவிடுகிறார்கள். ரயரும் தார் றோட்டும் தொடுகிற இடத்திலும் பிடிபடும். ஓடும் காரின் கீழ் றோட்டின் கல் கல்லான தன்மை ரயர் வரைக்கும் இழுபட்டிருக்கும். வெட்டி ஒட்டியதில் ரயரைச் சுற்றி ஒரு முடி அளவு தெளிவான தார் மிஞ்சும்.

பின்னேர வெயில்:
அத்தோடு அந்த வண்டியை அந்தப் பிள்ளையின் சித்தப்பா ஓட்டுகிறார். ஸ்ரியறிங்கில் அவர் கை இருக்கிற விதம், முகத்தில் படுகிற காற்று எல்லாம் ஓடும்போதுதான் வரும். கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டச் சொல்லும் தம்பி. மேலே ஏற்றியிருந்தால் வானத்தின் வெளிச்சம் கண்ணாடியில் விழுந்து ஆளைக் காணக் கிடைக்காது.

பிக்சல்வீடு:
கதவில் விழுகிற நிழலுருவைப் பற்றிச் சொன்னது சரி அக்கா. ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு வழி: வேறொரு வாகனத்தில் இருந்து, பக்கத்தில் அதே வேகத்தில் ஓடிக்கொண்டு எடுப்பது. கார் விளம்பரங்களில் அப்படித்தானே எடுக்கிறார்கள்?

கணக்குப்பலகை:
அதில் படம் வேறு மாதிரி வரும். நின்றுகொண்டு கமராவைத் திருப்பும்போது, அசையாத பொருட்கள் எல்லாம், கிட்ட உள்ள புல்லும் தூர உள்ள பனையும், ஏறத்தாழ ஒரே அளவு இழுபடும், ஏனென்றால் அசைந்தது கமராவின் திசை மட்டும்தான். கூடவே ஓடிக்கொண்டு எடுத்தால் றோட்டு அதிகமாக இழுபடும், தூரத்துப் பனை கொஞ்சமாக, அடிவானம் அநேகமாக இழுபடவே இராது. ஆழம் தெரியும். நின்றுகொண்டு எடுத்ததா, வண்டியில் இருந்து எடுத்ததா என்பதை இந்த ஒன்றை வைத்தே சொல்லிவிடலாம்.

விளம்பரக்காரர் இன்னொன்றும் செய்கிறார்கள். காரிலேயே நீளத் தடி ஒன்றைப் பொருத்தி அதன் நுனியில் கமராவை வைத்து, காரை மெதுவாகத் தள்ளிக்கொண்டு ஷட்டரை ஒன்றிரண்டு நொடி திறந்து வைப்பார்கள். கமராவும் காரும் ஒன்றாக அசைவதால் கார் கூர்மையாக இருக்கும், உலகம் முழுவதும் இழுபடும். பிறகு தடியைக் கணினியில் அழித்துவிடுவார்கள்.

கராஜ்காரன்:
வாகனத்தில் இருந்து எடுப்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எங்கள் வீதிகளில் இரண்டு வாகனம் பக்கத்துப் பக்கமாக ஓடுவது என்றால் ஒன்று எதிர்ப்பக்கத்தில் ஓடுகிறது என்று அர்த்தம். ஒழுங்கையில் இருந்து சயிக்கிள் வரும், மாடு வரும், மினிபஸ் முந்திக்கொண்டு வரும். மோட்டார் சைக்கிளில் பின்னுக்கு இருந்து திரும்பிப் படம் எடுக்கிற பிள்ளைகளைக் காண்கிறேன், பார்க்கவே வயிற்றைப் பிசைகிறது. பழைய வண்டிக்கு டிரம் பிரேக், இன்றைய கார் போல டக்கென்று நிற்காது. நின்று எடுங்கள். 40இல் போனாலே போதும் என்று மேலே கணக்குப் போட்டுத் தந்துவிட்டார்களே. 40இல் போகிற காரை 1/20இல் எடுத்தால், 80இல் போகிற காரை 1/40இல் எடுத்த படம் போலவே இருக்கும். வேகம் காட்ட வேகமாக ஓட்டத் தேவையில்லை.

இன்னொருவரைக் கொஞ்சத் தூரம் முன்னால் நிறுத்தி, எதிரே வாகனம் இல்லை என்றால் கை காட்டச் சொல்லுங்கள். சித்தப்பா கமராவைப் பார்க்கவே கூடாது, றோட்டைத்தான் பார்க்க வேண்டும். பலாலிப் பக்கம் இடம் தேடிப் போனால் இராணுவ முகாம் ஓரங்களில் கமராவை வெளியில் எடுக்காதீர்கள்.

தீவுப்பக்கம்:
வாகனத்தில் இருந்து எடுக்கமாட்டேன் அண்ணா. பனங்கூடலுக்கு எதிரே வயல் உள்ள ஓர் இடம் பார்த்துவிட்டேன். 1/40இல் பழகிப் பார்க்கிறேன். ஆனால் நான் திருப்பும்போது கார் படத்தின் நடுவில் நிற்பதே இல்லை. சில நேரம் மூக்கு வெட்டுப்படுகிறது, சில நேரம் மேலும் கீழும் ஆடுகிறது.

பின்னேர வெயில்:
நிற்கிற நிலையில் இருக்கிறது எல்லாம். அநேகம் பேர் கார் வருகிற பக்கம் பார்த்துக் காலை வைத்துக்கொண்டு, கார் நேரே வரும்போது உடம்பை முறுக்குகிறார்கள். முறுக்கு ஏற ஏறத் தோள் இறுகும், கமரா தடுக்கும். மாற்றிச் செய்யும். படம் எடுக்க நினைக்கிற இடத்தைப் பார்த்துக் காலை அகட்டி ஊன்றும். பிறகு இடுப்பை மட்டும் திருப்பிக் கார் வருகிற பக்கம் பாரும். கார் வர வர முறுக்கு அவிழும். சரியாக நேரே வரும்போது உடம்பு ஆகத் தளர்வாக இருக்கும். ஷட்டரை அமர்த்த வேண்டிய கணம் அதுதான்.

தூரத்திலேயே காரைக் கண்ணில் பிடித்துவிட வேண்டும். நேரே வரும்போது தேடினால் பிந்திவிடும். ஒரே ஒரு ஃபோக்கஸ் புள்ளியை வைத்துக்கொண்டு, அதை முன் கதவின் கைப்பிடியில் ஒட்டிவிடும். காரைப் பார்க்காதேயும், கைப்பிடியை மட்டும் பாரும். உமது கனனில் ஏஐ சேர்வோ என்று இருக்கும், மற்றவற்றில் ஏஎஃப்-சி. தொடர்ந்து ஃபோக்கஸ் செய்கிற முறை அது. தொடர்ச்சியாகப் பல படம் எடுக்கிற முறையிலும் வையும். அமர்த்தினாலும் திருப்புவதை நிறுத்தாதேயும். கிணற்றில் துலா மிதிக்கிறவன் வாளி மேலே வந்த உடனே காலை எடுப்பானா? கார் உம்மைத் தாண்டிப் போகும் மட்டும் திருப்பிக்கொண்டே இரும். கடைசிப் படத்தோடு கை நின்றுவிடும் என்று மனசுக்குத் தெரிந்தால், அந்தக் கடைசிப் படத்திலேயே கை தயங்கும்.

மேலும் கீழும் ஆடுவதற்கு: சில லென்ஸ்களில் நிலைப்படுத்திக்கு இரண்டாவது முறை ஒன்று உண்டு. அது கிடையான அசைவை விட்டுவிட்டு மேல் கீழ் ஆட்டத்தை மட்டும் தடுக்கும். அந்தச் சுவிட்ச் இல்லாத லென்ஸ்கள் பல தாமாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். ஒற்றைக்கால் தாங்கி இருந்தால் இன்னும் நல்லது. காரைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு எடும், பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

வல்லைவெளி:
மத்தியானத்தில் எடுக்க வேண்டி வந்தால்? ஐ.எஸ்.ஓ. 100இலும் 1/40க்கு இறங்கினால் வெளுத்துவிடுகிறது.

வடலி:
நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100 என்றால் எஃப் 16இல் 1/100 என்பது பழைய கைக்கணக்கு (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சிறிதாகும்). 1/40 வேண்டும் என்றால் எஃப் 22க்கும் மேலே போக வேண்டி வரும், அங்கே முழுப் படமும் மங்கத் தொடங்கும், சென்சாரில் உள்ள தூசியும் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காக்குகிற என்.டி. 8 ஃபில்டர் போட்டால் எஃப் 9 அளவிலேயே 1/40 கிடைக்கும். ஆனால் மத்தியானத்தில் வேறு தொல்லை இருக்கிறது: தாரில் இருந்து எழும்புகிற கானல். 25 மீற்றரில் அவ்வளவு தெரியாது, தூர நின்று 250இல் எடுத்தால் காரின் கீழ்ப்பகுதி நெளியும். அதை எந்த ஃபில்டராலும் திருத்த முடியாது.

கைபேசிப்படம்:
அக்கா சொன்னபடி தங்கையைச் சயிக்கிளில் எடுத்தேன், நல்ல வடிவாக வந்தது. ஆனால் ஒரு மின்கம்பம் சரிந்து விழுகிற மாதிரி வந்திருக்கிறது. ஏன்?

கணக்குப்பலகை:
போன் சென்சார் படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை. மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கிறது. கீழ் வரியை வாசிக்கும்போது நீங்கள் கொஞ்சம் திரும்பியிருப்பீர்கள், அதனால் கம்பத்தின் அடி தள்ளி விழுகிறது.

இது புதிய விஷயம் இல்லை. பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் ஆன்ரி லார்தீக் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த பந்தயக் கார் படம் ஒன்று உலகப் பிரசித்தம். அதில் காரின் சில்லு முட்டை வடிவில் முன்னுக்குச் சரிந்திருக்கும், பின்னால் நிற்கிற ஆட்கள் எதிர்ப்பக்கம் சரிந்திருப்பார்கள். அந்தக் காலக் கமராவில் திரையில் உள்ள ஓர் இடைவெளி படத் தகட்டின் குறுக்கே ஊர்ந்து போகும். அவர் கமராவைத் திருப்பினார், ஆனால் காரின் வேகத்துக்கு முழுதாக ஈடுகொடுக்கவில்லை. அதனால் கார் ஒரு பக்கமும் ஆட்கள் மறுபக்கமும் சரிந்தார்கள். உங்கள் தங்கை நேராகவும் கம்பம் சரிந்தும் இருந்தால், நீங்கள் சயிக்கிளைச் சரியாகப் பின்தொடர்ந்திருக்கிறீர்கள் என்று பொருள்.

தீவுப்பக்கம்:
எடுத்துவிட்டோம்! மூன்று படம் கீழே போட்டிருக்கிறேன். 1/30, எஃப் 8, 90 மி.மீ. பனையெல்லாம் பட்டை பட்டையாக, கறுப்பும் பொன்னிறமுமாக ஓடுகிறது. கதவோரத்து மினுக்குப் பட்டி கத்தி போல் கூர்மை. சித்தப்பா கையை வெளியே விட்டுக்கொண்டு ஓட்டுகிறார், மணிக்கூடுகூடத் தெரிகிறது. ரயரில் எழுத்து ஒரு வளையமாகக் கலங்கியிருக்கிறது, கராஜ் அண்ணா சொன்ன மாதிரியே. மூன்றாவதில் மட்டும் முன் விளக்குக் கூர்மை, பின் சில்லு கொஞ்சம் மங்கல். சித்தப்பாவுக்கு அதுதான் பிடித்திருக்கிறது. பெரிதாக்கினால் குறை தெரியுமா?

பின்னேர வெயில்:
மூன்றாவதை நீர் சற்று முந்தி அமர்த்தியிருக்கிறீர், கார் உமக்கு நேரே வர முன். முன் முகப்பும் கொஞ்சம் தெரிகிறது அல்லவா? அந்தக் கோணத்தில் கார் உம்மை நோக்கி வருவதால் படத்தில் அது பெரிதாகிக்கொண்டே இருக்கும். எந்தப் புள்ளியைப் பிடித்தீரோ அது மட்டும்தான் கூர்மையாகும். முன் விளக்கும் கிரில்லும் கூர்மையாக இருக்கும்போது பின் சில்லு மங்குவதைக் கண் ஏற்றுக்கொள்ளும். மறுவளமாக இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். 12க்கு 18 அங்குலத்தில் தாராளமாக அடிக்கலாம். இடப்பக்கம், காருக்குப் பின்னால் இருக்கிற வெற்றிடத்தைக் கொஞ்சம் வெட்டும், முன்னால் உள்ளதை விட்டுவிடும்.

கராஜ்காரன்:
மினுக்குக் கடதாசியில் அடிக்க வேண்டாம் தம்பி. ஹோலில் யன்னல் வெளிச்சம் விழுந்தால் பனைப் பட்டைகள் தெரியாது. மினுங்காத மற் கடதாசியில் அடியுங்கள்.